கள்ளுக் கணக்கும் கணனியும்

எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரில் நெடுங்காலமாகக் கரிக்கோடுகள் இருந்து வருகின்றன. நான்கு நிமிர்ந்த கோடுகள், அவற்றின் குறுக்கே சரிவாக ஒன்று, ஆக ஐந்து. ஒரு கோடு ஒரு போத்தல் கள். பண்டத்தரிப்பிலும் அயலிலுமுள்ள பனைகளில் ஏறி இறங்கும் என் ஐயா, தாம் அன்றன்று சங்கத்தில் ஊற்றிய கள்ளின் அளவை இவ்வாறே குறித்து வருகிறார். மூன்றாம் வகுப்புடன் பள்ளியை விட்டவர் அவர். எழுத்தைக் கூட்டி வாசிப்பார். எண்ணை விரைந்து வாசிப்பார். சனிக்கிழமைதோறும் சங்கத்து இலிகிதர் பேரேட்டைத் திறந்து வைக்க, ஐயா தம் பெயருக்கு நேரே விரலை ஓட்டி, ஏழு நாட் கணக்கையும் சுவர்க் கணக்கோடு மனத்துள் ஒப்பிட்ட பின்னரே காசைக் கையில் வாங்குவார். கணக்கு ஒத்துவந்தால் அன்றிரவு சுவர் ஈரத்துணியால் துடைக்கப்படும்.

அந்தப் பேரேட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. 1970களில் தவறணைகள் குத்தகைக்காரரின் பிடியினின்றும் நீங்கிச் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்களிடம் வந்தபோது வலிகாமத்தில் எழுந்த சங்கங்களுள் ஐயாவின் சங்கமும் ஒன்று. அதன் பெயர் இங்கு வேண்டியதில்லை. குத்தகைக்காரர் காலத்தில் அளந்தவனும் எழுதியவனும் காசு கொடுத்தவனும் ஒருவனே. சங்கம் வந்தபின், எழுதப்பட்டதைப் பார்க்கும் உரிமை ஊற்றியவனுக்குக் கிடைத்தது. விலை உயர்ந்ததைவிட இதனையே அக்காலத்துத் தொழிலாளர் பெரிதாகப் பேசினார்கள் என்று ஐயா சொல்வார். 1990இன் நடுப்பகுதி தொடங்கிக் குடாநாட்டில் மின்சாரம் இல்லாதிருந்த ஆண்டுகளிலும் குப்பி விளக்கொளியில் அப்பேரேடு எழுதப்பட்டது. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்த அந்த இரவில், இலிகிதர் தம் சைக்கிளின் பின்னே கட்டிச் சென்றது உறுப்பினரின் சேமிப்புப் பேரேட்டைத்தான். எனக்கு அப்பொழுது வயது ஐந்து. 1996இல் ஊர் திரும்பியபோது, போத்தலுக்கு இவ்வளவென்று கழித்துச் சேர்த்த ஐயாவின் சேமிப்பு ஒரு சதமும் குறையாமல் அதில் இருந்தது. பிற்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நான் தமிழ் படித்த ஆண்டுகள் அச்சேமிப்பினால் நடந்தவை.

இத்தகைய சங்கத்துக்கு ஒரு மென்பொருள் வாங்கப்பட்ட கதையையே சொல்ல வந்தேன். அதில் எனக்கும் பங்குண்டு. ஆதலால் பிறரைக் குறைகூறும் உரிமை எனக்குக் குறைவு.

2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒருநாள் சங்கத் தலைவர் என்னை அழைத்தார்.

“தம்பி, நீர் படிச்ச பிள்ளை. உந்த மூண்டு விலைக்கோரலையும் ஒருக்காப் பாத்து, எது நல்லதெண்டு எங்களுக்குத் தமிழில எழுதித் தாரும்.”

மேசையில் மூன்று உறைகள் இருந்தன. மூன்றும் ஆங்கிலத்தில். முதலாவது கொழும்பு நிறுவனம் ஒன்றினது. மென்பொருளை விற்பதில்லை, மாத வாடகைக்கு விடுவோம் என்றது. வாடகை அமெரிக்க டொலரில். 2022 மார்ச்சில் இருநூறு ரூபாவளவில் நின்ற டொலர் இரண்டே மாதங்களில் முந்நூற்று அறுபதைத் தொட்டதைப் பொருளாளர் மறக்கவில்லை. அந்த உறை அத்துடன் மூடப்பட்டது. அதில் பிழை சொல்ல நான் துணியேன். இரண்டாவது, யாழ்ப்பாண நகரத்துப் பல்பொருள் அங்காடிகளுக்கு விற்பனைக் கணக்கு மென்பொருள் கொடுக்கும் ஒரு நிலையத்தினது. மூன்றும் வைத்து நோக்க இதுவே மலிவு. மூன்றாவது, படித்து முடித்து வேலையின்றியிருந்த இளைஞர் இருவருடையது. எவரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருளொன்றை அடித்தளமாகக் கொண்டு, சங்கத்தின் கணக்கைத் தமிழிலேயே செய்து தருவோம் என்று எழுதியிருந்தார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: முதல் ஒரு மாதம் இலிகிதருடனும் தொழிலாளருடனும் இருந்து கணக்கு எழுதப்படும் முறையைப் பார்க்கவேண்டும். அவர்கள் கேட்ட தொகையிற் பெரும்பகுதி அந்த ஒரு மாதத்துக்கான ஊதியமே.

“கணக்கைப் பாக்கிறதுக்கும் காசோ?” என்றார் குழுவில் ஒருவர். எல்லாரும் சிரித்தோம். நானுஞ் சிரித்தேன்.

மூன்று விலைக்கோரல் பெற்றுக் குறைந்ததைத் தெரிவு செய்யும் முறை பழிக்கத்தக்கதன்று. மைத்துனனுக்கும் மருமகனுக்கும் ஒப்பந்தம் போகாமற் காக்க ஏற்பட்ட வேலி அது. பொதுப் பணத்தைக் கையாள்பவர்களுக்கு அவ்வேலி வேண்டியதே. சீமெந்து வாங்குகையில் அது செம்மையாகப் பயன்படும். ஒரு மூடை சீமெந்து எவரிடம் வாங்கினாலும் சீமெந்துதான். மென்பொருள் அவ்வாறன்று. ஒரு சங்கத்தில் யார் எதை எழுதலாம், எதை அழிக்கலாம், எதை யார் பார்க்கலாம், நட்டம் எவர் தலையில் விழும் என்னும் விதிகளெல்லாம் அதற்குள் முன்னரே எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. அதை வாங்கும் சங்கம் தன் யாப்பையும் கூடவே மாற்றிக்கொள்கிறது. யாப்பைத் திருத்துவதற்குப் பொதுச்சபை கூடவேண்டும், முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும், பெரும்பான்மை வேண்டும். மென்பொருளுக்கோ மூன்று உறைகளும் ஒரு பிற்பகலும் போதும்.

விலையிலும் நாங்கள் ஏமாந்தோம் என்பதைப் பின்னரே கணக்கிட்டுக் கண்டேன். இரண்டாவது உறையின் கடைசித் தாளில் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் என்று ஒரு வரி இருந்தது. முதலாண்டு இலவசம். பின்னர் ஆண்டுக்காண்டு கூடும். ஐந்தாம் ஆண்டில் அந்த மலிவான உறை மூன்றாவது உறையை விஞ்சிவிடும். நாங்கள் முதல் தாளிலிருந்த தொகையை மட்டுமே ஒப்பிட்டோம்.

அந்நிலையத்திலிருந்து ஓர் இளைஞர் வந்து கணனியில் எல்லாவற்றையும் காட்டினார். நல்ல பேச்சு, நல்ல உடை. காட்டுவதற்கென அவர் கொண்டுவந்திருந்த பொருள்கள் சவர்க்காரம், விசுக்கோத்து, பால்மா. தொட்டவுடன் இன்றைய விற்பனை இவ்வளவு, இருப்பு இவ்வளவு என்று பல நிறங்களில் வட்டமும் தூணும் எழுந்தன. குழுவினர் வாயடைத்துப் போனார்கள். விசுக்கோத்து மரத்தில் ஏறி இறக்கப்படுவதில்லை, காலையில் ஒரு சுவையும் மாலையில் ஒரு சுவையும் ஆவதில்லை என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்று அந்த அறையில் பணிப்பாளர்களும் முகாமையாளரும் நானும் இருந்தோம். இலிகிதர் தேநீர் கொண்டுவரும் ஒழுங்கைக் கவனித்துக்கொண்டிருந்தார். அந்நேரம் எந்தத் தொழிலாளியும் அங்கிருக்க முடியாது. அது அவர்கள் மரத்திலிருக்கும் நேரம்.

இரண்டாவது உறையைப் பரிந்துரைத்து இரண்டு பக்கத்தில் தமிழில் அறிக்கை எழுதிக் கொடுத்தவன் நான். காலத்துக்கேற்ற மாற்றம் என்றெல்லாம் அதில் எழுதினேன். நன்றாக எழுதியிருப்பதாகத் தலைவர் பாராட்டினார்.

2024இன் முதல் மாதங்களில் மென்பொருள் நடைமுறைக்கு வந்தது. பேரேடு அலுமாரிக்குள் போயிற்று. ஒருநாள் மாலை ஐயா ஒரு சிட்டையைக் கொண்டுவந்து என் முன்னே வைத்தார். வெப்பத்தால் எழுத்துத் தோன்றும் மெல்லிய தாள். கடைகளில் தருவார்களே, அது. முழுவதும் ஆங்கிலம்.

“தம்பி, நான் இருவது போத்தல் ஊத்தினனான். இதில பத்தொன்பது எண்டு கிடக்கு. மற்றது எங்கை போனது?”

எழுத்தை வாசிக்கத்தான் அவருக்கு நான் வேண்டியிருந்தது. எண்ணை அவரே வாசித்துவிட்டார்.

நான் சிட்டையை வாசித்தேன். அளவு இருபது, அதற்குக் கீழே ஒரு குறுக்கெழுத்து, அதற்கு நேரே ஒன்று, மிகுதி பத்தொன்பது. நூற்றுக்கு ஐந்து வீதம் கழிவு. சுவரைப் பார்த்தேன். மூன்று மாதக் கோடுகள் துடைக்கப்படாமல் நெருங்கிக் கிடந்தன. கணக்கு ஒத்துவராதபடியால் ஐயா சுவரைத் துடைக்கவில்லை. மகன் எழுதிக் கொடுத்து வந்த பொருள் என்பதற்காக அதுவரை வாயும் திறக்கவில்லை. பழைய சிட்டைகளை எடுத்துப் பார்த்தால் முதல் மாதத்தவை வெளுத்து வெறுந் தாளாகியிருந்தன. அத்தாளின் இயல்பே அது. சூடும் வெளிச்சமும் பட்டால் எழுத்து மறைந்துவிடும். வியர்வை தோய்ந்த சட்டைப் பையில் அது எத்தனை நாளைக்கு நிற்கும்!

முகாமையாளரிடம் போனேன். கெட்டவரல்லர், சங்கத்துக்காக உழைப்பவர். “தம்பி, மனுசர் எழுதேக்கை பிழை வரலாம். கணனி பிழை விடாது” என்றார்.

இவ்விடத்தில் என் கதையை நிறுத்தி வேறொன்றைக் கூறல் வேண்டும். அன்றிரவு இலண்டனிலுள்ள என் ஒன்றுவிட்ட அண்ணருடன் தொலைபேசியிற் பேசியபோது இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “இஞ்சை இதே சொல்லாலை எத்தனை பேர் மறியலுக்குப் போனவை தெரியுமோ?” என்றார்.

பிரித்தானிய அஞ்சலகத்தின் ‘ஹொரைசன்’ மென்பொருள் பற்றி அதன்பின் தேடித்தேடி வாசித்தேன். 1996இல் அதற்கான ஒப்பந்தம் புஜிட்சுவுக்குச் சொந்தமான ஐசிஎல் நிறுவனத்தின் கிளையொன்றுக்கு வழங்கப்பட்டது. அரச உதவிப் பணத்தை அஞ்சலகங்களில் அட்டைமூலம் வழங்குவதே முதல் நோக்கம். 1999இல் சமூகநலத் திணைக்களம் விலகிக்கொண்டது. அட்டைத் திட்டம் கைவிடப்பட்டது. செலவழித்தாயிற்று, எறிய மனமில்லை. எஞ்சிய மென்பொருள் அஞ்சலகங்களின் அன்றாடக் கணக்குக்கென்று நாடு முழுவதும் பொருத்தப்பட்டது. அதைப் பயன்படுத்தும்படி விதிக்கப்பட்டவர்கள் உப அஞ்சலதிபர்கள். கடையோடு சேர்த்து அஞ்சலகமும் நடத்தும் சிறு மனிதர்கள். அவர்களிற் கணிசமானோர் தென்னாசியாவிலிருந்து குடியேறியவர்கள். மாலையில் கணனி காசு குறைகிறது என்று சொல்லும். குறைவைக் கைக்காசால் நிரப்பவேண்டும் என்பது ஒப்பந்தம். உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்தால், உங்கள் ஒருவருக்குத்தான் இந்தப் பிரச்சினை என்று பதில் வரும். கணனியின் சான்றை நீதிமன்றில் வைப்பவர் அது செவ்வையாக இயங்கியது என்று காட்டவேண்டும் என இங்கிலாந்தில் முன்பு விதி இருந்தது. 1999ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால் அவ்விதி நீக்கப்பட்டது. அதன்பின் கணனி சரியென்பதே எடுகோள். அது பிழையென்று காட்டும் சுமை, அதன் உட்புறத்தை ஒருபோதும் கண்டிராத குற்றஞ்சாட்டப்பட்டவனின் தலையில் விழுந்தது.

1999க்கும் 2015க்கும் இடையே 900க்கு மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். சீமா மிஸ்ரா என்னும் பெண் 2010 நவம்பரில், வயிற்றில் குழந்தையுடன், பதினைந்து மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அலன் பேற்ஸ் என்ற உப அஞ்சலதிபரும் தோழர்களும் தொடுத்த வழக்கில், ஹொரைசனில் பிழைகள் இருந்தன என்று 2019இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. 2021இல் சீமா மிஸ்ரா உள்ளிட்ட 39 பேரின் தீர்ப்புகள் ஒரே நாளில் நீக்கப்பட்டன. எஞ்சியவர்களின் தீர்ப்புகளை நீக்க 2024இல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றவேண்டியதாயிற்று.

எங்கள் ஒரு போத்தல் கள்ளை இத்துடன் ஒப்பிடுவது மிகை என்று சிலர் எண்ணலாம். துன்பத்தின் அளவில் மிகைதான், வழி ஒன்றே. வேறொன்றுக்கென ஆக்கப்பட்ட பொருளைக் கையிலிருக்கிறதே என்று இன்னொன்றுக்குப் பொருத்தினார்கள். அதை நாள்தோறும் சுமப்பவனைக் கேட்கவில்லை. குறைவு வந்தபோது அவனையே கள்வன் என்றார்கள்.

ஐந்து வீதத்தின் மூலத்தைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் சென்றது. அங்காடிகளில் மரக்கறி கொள்முதல் செய்யும்போது அழுகலுக்கென்று ஒரு வீதம் நிறுவையிலேயே கழிக்கப்படுமாம். பொருத்த வந்தவர் கள்ளையும் கெட்டுப்போகும் பொருள் என்ற பிரிவில் பதிந்தார். அப்பிரிவில் அந்தக் கழிவு முன்னமே நின்றது. முன்பெல்லாம் தவறணையில் புளித்ததும் சிந்தியதும் சங்கத்தின் நட்டம். மாதக் கூட்டத்தில் பேசித் தீர்க்கப்படும். இப்பொழுது அது மரத்தடியிலேயே தொழிலாளியின் நட்டமாயிற்று. இதை ஒருவரும் தீர்மானிக்கவில்லை, ஒருவரும் திருடவுமில்லை. ஒரு சிறு கட்டத்துள் ஓர் அடையாளம் இருந்தது, அவ்வளவே.

பெயர்களின் கதை இதனினும் வேடிக்கையானது. உறுப்பினர் இடாப்பைச் சங்கம் பல ஆண்டுகளாகப் பாமினி எழுத்துருவில் தட்டெழுதி வைத்திருந்தது; யாழ்ப்பாணத்து அலுவலகங்களில் இன்னும் பலவற்றில் அதுதான். பாமினியில் திரையில் தெரிவது தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவங்களைப் போர்த்திய ஏற்பாடு அது. போர்வையை நீக்கினால் பொருளற்ற எழுத்துக் குவியல். புதிய மென்பொருளுக்குள் போன இடாப்பு அவ்வாறே ஆயிற்று. இலிகிதர் இரவிரவாக இருந்து பெயர்களை ஆங்கிலத்தில் புதிதாக எழுதினார். ஐயாவின் பெயர் ஓரிடத்தில் ஒரு விதமாகவும் இன்னோரிடத்தில் வேறு விதமாகவும் விழ, ஒரே மனிதர் இரண்டு உறுப்பினரானார். சேமிப்பும் இரண்டாகப் பிரிந்து நின்றது.

தமிழ் கணனிக்குள் சரிவராது என்று பொருத்த வந்தவர் சொன்னார். இது உண்மையன்று. உலகப் பொதுவான யுனிகோட் முறையில் தமிழுக்கு 1991லேயே இடம் உண்டு. இலங்கையின் தமிழ்க் குறியீட்டுக்கு எஸ்எல்எஸ் 1326 என்ற தேசியத் தரம் 2008இல் வந்துவிட்டது. அவருடைய கைத்தொலைபேசியில் அவருடைய தாய் தமிழில் செய்தி அனுப்புவதை நானே கண்டேன். பண்டத்தரிப்பிலிருந்து மானிப்பாய் சில கல் தொலைவு. 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் அங்கிருந்துதான் மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 1860களில் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மனித உடலின் எலும்பும் நரம்பும் அன்று தமிழில் அடங்கின. ஒரு போத்தல் கள் இன்று அடங்கவில்லை! கேட்காமல் விட்டது எங்கள் குற்றம். விலைக்கோரல் அழைப்பில் ‘சிட்டை தமிழில் இருத்தல் வேண்டும்’ என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்ற எனக்கே அவ்வரி தோன்றவில்லை என்பதை வெட்கத்துடன் இங்கு பதிகிறேன்.

பொதுக்கூட்டம் கூட்டும்படி தொழிலாளர் கேட்டனர், கூடிற்று. எண்பதுக்கு மேற்பட்டோர் வந்தனர். சிலர் பிள்ளைகளின் பயிற்சிக் கொப்பியில் எழுதியிருந்தார்கள். சிலர் நாட்காட்டியைக் கிழித்து வந்தார்கள். ஐயா சுவரைக் கொண்டுவர முடியாதபடியால் நான் அதனைப் படம்பிடித்துச் சென்றேன். கடந்த மாதங்களின் பதிவுகளை முழுவதுமாகத் தரும்படி நிலையத்தைக் கேட்டபோது, பதிவுகளை வெளியே எடுத்துத் தருவது ஒப்பந்தத்தில் இல்லை, தனிக்கட்டணம் என்று பதில் வந்தது. எங்கள் கணக்கை எங்களுக்குக் காட்ட எங்களிடமே காசு! குத்தகைக்காரரின் காலத்தை அறிந்த முதியவர் ஒருவர் எழுந்து, “இதுக்கோ நாங்கள் சங்கம் வைச்சனாங்கள்?” என்று மட்டும் கேட்டுவிட்டு அமர்ந்தார்.

கழிவு நீக்கப்பட்டது. தம் கைக்கணக்கைக் காட்டியவர்களுக்கு முழுத்தொகையும் கொடுபட்டது. கணக்கு வைத்திராதவர்களுக்கு, நீண்ட வாக்குவாதத்தின் பின், பாதி. அவர்களுள் ஒருவர் இன்றும் என்னைக் கண்டால் முகங்கொடுப்பதில்லை. அவர் பக்கம் நியாயமிருக்கிறது.

இனி என்ன செய்வதென்று பார்க்கும் பொறுப்பு மீண்டும் என்னிடம் வந்தது. இம்முறை அறிக்கை எழுதுமுன் வாசித்தேன். இந்தியாவில் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணனிமயமாக்க 2022 ஜூனில் மத்திய அமைச்சரவை 2,516 கோடி ரூபா ஒதுக்கியது. நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு மென்பொருள், அது அந்தந்த மாநில மொழியில் இருக்கவேண்டும், மாநிலத் தேவைக்கேற்ப மாற்றக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது திட்டம். மொழியை முதலிலேயே நிபந்தனையாக்கியது நன்று. ஆயினும் மேலிருந்து வரும் ஒரே அச்சு எல்லாச் சங்கத்துக்கும் பொருந்துமா என்ற ஐயம் எனக்குண்டு. நம் நாட்டிலும் முன்மாதிரி இல்லாமலில்லை. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையின் பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிய இலங்கை மென்பொருளாளர் தன்னார்வமாக ஆக்கிய ‘சஹானா’, கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டு, 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010இல் ஹெயிட்டியிலும் பயன்பட்டது. அழிவின் நடுவே நின்று, தேவையைக் கண்ணாற் கண்டவர்கள் ஆக்கியது அது. எங்கள் குழு சிரித்து ஒதுக்கிய அந்த இளைஞர் கேட்ட ஒரு மாதம் எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அவர்களுள் ஒருவர் இதற்குள் கனடாவுக்குப் போய்விட்டார். மற்றவரைத் தேடிப் பிடித்தோம். இவ்வாண்டு அமைத்த குழுவில் இரண்டு தொழிலாளர் இருக்கின்றனர், ஒருவர் ஐயா. கூட்டம், மரத்தால் இறங்கிக் குளித்துச் சாப்பிட்ட பின்னரான நேரத்துக்கு வைக்கப்பட்டது. இலிகிதர் மேசையில் இருந்தார். தேநீரை நான் கொண்டு வந்தேன். அலுமாரியிலிருந்து பழைய பேரேடும் வெளியே எடுக்கப்பட்டிருந்தது.

இளைஞர் தம் திட்டத்தை விளக்கி முடித்ததும் ஐயா கேட்டார்: “தம்பி, மழை பெஞ்சு நான் மரத்தில ஏறாத நாளுக்கு இதில என்ன விழும்?”

“பூச்சியம் விழும், ஐயா.”

ஐயா பேரேட்டைத் தம் பக்கம் இழுத்து, பழைய மார்கழி மாதமொன்றின் பக்கத்தைத் திருப்பி, விரலை வைத்துக் காட்டினார். ஊற்றாத நாட்களில் இலிகிதர் எண் எதுவும் எழுதவில்லை. சில கட்டங்களில் ‘மழை’ என்றும் சிலவற்றில் ‘காய்ச்சல்’ என்றும், ஒன்றில் ‘செத்தவீடு’ என்றும் எழுதியிருந்தார். மழை நாட்களை எண்ணித்தான் ஆண்டு முடிவில் நிவாரணம் பிரிப்பது வழக்கம். பூச்சியத்தை எண்ணினால் அது மழையோ மடியோ என்று எவருக்குத் தெரியும் என்று ஐயா கேட்டார்.

இளைஞர் பேரேட்டைத் தம் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, முதற் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார். அன்று கூட்டம் முடிய இரவு ஒன்பது மணியாயிற்று.